மீராலெவ்வையின் பிறப்பிடம்

பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. என் சேவைக் காலம் முழுவதிலும் என்னை மிகவும் அலைக்கழித்தது அந்தக் கட்டம்தான்.

சென்ற மாதம் கல்முனை அலுவலகத்திலிருந்து நஸ்ரின் அழைத்தாள். பதிவாளர் பிரிவில் என்னுடைய பழைய மேசையில் இப்போது இருப்பவள். வெளிநாட்டிலிருந்து அடிக்கடி மின்னஞ்சல் வருகிறதாம்: எங்கள் பூட்டன் உங்கள் பக்கம் பிறந்தவர், எந்த ஊர், எந்த வீடு என்று கண்டுபிடித்துத் தர முடியுமா?

"கொம்பியூட்டர்ல பேர அடிச்சா ஒண்டும் வருகுதில்ல மிஸ். அந்த ஜெர்மன்காரிட விசயத்த நீங்க எப்புடிப் பிடிச்ச? ஒருக்கா எழுதித் தாங்களேன்" என்றாள்.

நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன். வழிமுறையை அவள் எடுத்துக்கொள்ளட்டும்.

நான் எழுதுவினைஞராகச் சேர்ந்தபோது யுத்தம் தொடங்கியிருந்தது. ஆரம்ப வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பழைய பதிவேட்டின் தாளை மேல் மூலையில் பிடித்துப் புரட்ட வேண்டும். எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது. பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு பழைய பக்கத்தைப் பார்க்கக் கூடாது. இவ்வளவையும் கற்றுக்கொண்டேன். மற்றதெல்லாம் தருமலிங்கம் சேரிடம் திட்டு வாங்கி வந்தவை.

தருமலிங்கம் சேர் எங்கள் பிரிவின் பதிவாளர். நற்பிட்டிமுனைக்காரர். மெலிந்த மனிதர், கோபம் வந்தால் குரல் உயராது, இன்னும் தாழும். யாராவது அவருடைய மேசைக்கு முன்னால் நின்று அழுதால் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வருவார். அழுகிறவர் முகத்தைத் துடைத்துக்கொள்ள அவ்வளவு நேரம் கிடைக்கும். ஜன்னல் முன்பே திறந்திருந்தால் மூடிவிட்டு வருவார்.

அவருக்குப் பிடிக்காத சொல் "இருக்கலாம்". ஒரு தேடுதல் விண்ணப்பத்துக்கு நான் ஒருமுறை, "இவரே அவராக இருக்கலாம்" என்று குறிப்பு எழுதிக் கொடுத்தேன். அதைத் திருப்பித் தந்தார்.

"பரீதா மிஸ், இருக்கலாம் எண்டு எழுத என்னட்டக் கட்டம் இல்ல. தகப்பன் பேருக்கு இருக்கு, தாய்ர பேருக்கு இருக்கு. இருக்கலாமுக்கு ஒண்டு அடிச்சு அனுப்பச் சொல்லிக் கொழும்புக்கு எழுதுவமா?"

அந்தக் காலத்தில் பிறந்த இடம் என்பது வெறும் எழுத்தாக இருக்கவில்லை. அடையாள அட்டையிலும் அது அச்சிடப்பட்டிருந்தது. சோதனைச் சாவடியில் அட்டையை வாங்கும் சிப்பாய் முதலில் பெயரைப் பார்ப்பான், அடுத்தது பிறந்த இடத்தை. கொழும்பில் வேலை தேடிப் போன பிள்ளைகள் அந்த ஒரு சொல்லால் இரவு முழுதும் பொலிஸ் நிலைய வாங்கில் குந்தியிருந்துவிட்டு வந்திருக்கிறார்கள். பாண்டிருப்பிலிருந்து வந்த ஒரு பையன் என் மேசையில் அட்டையை வைத்து, "மிஸ், பேரெல்லாம் கிடக்கட்டும். பொறந்த இடத்த மட்டும் கண்டி எண்டு மாத்தித் தாங்க" என்று கேட்டான். சேர் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அது ஏன் முடியாது என்று பொறுமையாகச் சொன்னார். அவன் போனபின் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தார். அன்று யாரும் அழுததாக எனக்குத் தெரியவில்லை.

இப்படியான ஒரு கட்டத்தை நிரப்பத்தான் உர்சுலா லெப்பே வந்தாள். சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம், பாதைகள் திறந்திருந்தன. அறுபது வயதை நெருங்கிய, நெடிய, வெயிலில் சிவந்துபோன ஒரு பெண். ஜெர்மனியில் தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்றவள். ஆங்கிலம் கதைப்பாள், என்னுடைய ஆங்கிலத்தைப் போலவே நின்று நின்று கதைப்பாள்.

அவளுடைய பூட்டன் பெயர் மீராலெவ்வை. ஆங்கிலேயர் காலத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பனி இலங்கையிலிருந்து யானைகளைக் கப்பலேற்றி, ஜெர்மனியின் ஊர்கள் தோறும் கொண்டுபோய்க் காட்சி வைத்திருக்கிறது. யானைகளோடு போன ஆட்களில் ஒருவர் அவர். மற்றவர்கள் திரும்பிவிட்டார்கள். அவருக்கு நெஞ்சுச் சளி கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்ததால் கப்பலைத் தவறவிட்டார். பிறகு அன்னா என்ற பெண்ணை மணந்து, ஒரு மிருகக்காட்சிச் சாலையில் யானைகளைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்து, முதலாம் உலக யுத்தம் முடிந்து சில வருடங்களில் இறந்துபோனார். அவருடைய பெயரின் பின்பாதிதான், லெப்பே என்று திரிந்து, அந்தக் குடும்பத்தின் பெயர்.

"என் தகப்பனுக்குப் பதினேழு வயதானபோது எங்கள் நாட்டில் எல்லாரிடமும் பாட்டன் பூட்டன் பிறந்த இடத்துக்குச் சான்று கேட்டார்கள்" என்றாள். "எங்களிடம் இருந்தது ஒரே ஒரு சொல். கல்முனை. அதற்குச் சான்று இல்லை. என் தகப்பனைப் படிப்பிலிருந்து நிறுத்தினார்கள். பிறகு அந்த ஆட்சி போய்விட்டது, யாரும் கேட்கவில்லை. ஆனால் அவர் சாகும்வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். பூட்டனின் கல்லறைக் கல்லில் பிறந்த இடத்துக்கென்று விட்ட வெற்றிடம் இன்னும் வெற்றிடமாகவே இருக்கிறது. சான்று இல்லாமல் கல்முனை என்றோ, சும்மா இலங்கை என்றோ வெட்ட என் தகப்பன் சம்மதிக்கவில்லை. எனக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்குப் பின் இதைக் கேட்க ஆள் இல்லை."

தருமலிங்கம் சேர் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார்.

நான் தேடினேன். அந்தக் காலத்துப் பதிவுகள் அரைகுறையானவை. பிள்ளை பிறந்ததைப் பதிய வேண்டும் என்று பலருக்குத் தெரியாது. ஆனாலும் கல்முனைக்குரிய பழைய ஏடுகளில் ஒன்றையும் விடவில்லை. பள்ளிவாசல்களில் கேட்டோம். வயது போன ஆண்களிடம் கேட்டோம். மீராலெவ்வைகள் பலர் கிடைத்தார்கள். வியாபாரிகள், தோணிக்காரர், ஒரு வைத்தியர். யானையோடு போனவர் என்று ஒருவரும் இல்லை.

"கடற்கரை ஆளுக்கு யானையோட என்ன வேல?" என்று சேர் ஒருநாள் தன்பாட்டில் சொன்னார். "சுறா பிடிக்கப் போனார் எண்டாலும் ஒரு ஞாயம்."

கடைசியில், பதிவு எதுவும் இல்லை என்று ஒரு கடிதம் கொடுத்தோம். அதை வாங்கிக்கொண்டு உர்சுலா நன்றி சொன்னாள். அலுவலகத்திலிருந்து இறங்கி நேரே கடற்கரைக்கு நடந்துபோனாள். என்னையும் வரச் சொன்னாள். கல்முனையின் முஸ்லிம் பகுதியான கல்முனைக்குடியில் அப்போது கடலுக்கும் வீடுகளுக்கும் இடையே மணல் கொஞ்சம்தான். வேலிகளில் சேலைகள் காய்ந்தன. பெண்கள் வாசலில் நின்று அவளைப் பார்த்தார்கள். அவள் ஒவ்வொரு வீட்டையும் அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டு போனாள், இதுவா, இதுவா என்று கேட்கிறவள் போல. அந்த வீடுகள் ஒன்றும் இன்று இல்லை.

கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதவேண்டியது அதற்குப் பிந்திய வாரங்களைப் பற்றி. எங்கள் பிரிவை ஒரு பாடசாலை மண்டபத்துக்கு மாற்றினார்கள். ஏடுகளில் பாதி நனைந்திருந்தது. ஒரு பக்கம் தாள்களை மின்விசிறிக்குக் கீழே காயவைத்துக்கொண்டு மறுபக்கம் இறப்புகளைப் பதிந்தோம். ஜனாஸா, அதாவது உடல், கிடைக்காதவர்களையும் பதியச் சட்டம் வந்தது. கிராம சேவகரின் உறுதிமொழி, உறவினரின் சத்தியக் கடதாசி, இரண்டு சாட்சிகள். பட்டியல்களை ஊர்வாரியாகச் சுவரில் ஒட்டியிருந்தோம்.

ஒருநாள் சம்மாந்துறையிலிருந்து ஒரு தாய் வந்தா. மகனைக் காணவில்லை. சம்மாந்துறைப் பட்டியலில் பெயர் இல்லை. அந்தப் பட்டியலே சிறியது. கடல் அங்கே வரவில்லை. அவ ஒரு சொல்லையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தா.

"பேர் இல்லாட்டி மகன் உசிரோட இரிக்கான் எண்டுதானே மிஸ்? இல்லாட்டிப் போட்டிருப்பீங்கதானே?"

சேர் தன் கதிரையை அவவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவருடைய குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"மகன் எங்க கலியாணம் முடிச்சவர், அம்மா?"

"மருதமுனையில."

வேறு நாட்டார் வாசிக்கக்கூடும் என்பதால் இதை விளக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் முஸ்லிம்களானாலும் தமிழரானாலும் கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்குப் போய்விடுவான். வீடு பெண்ணுக்குரியது, தாயிடமிருந்து மகளுக்குப் போகும். அவன் மனைவியின் ஊர்ப் பள்ளிவாசலுக்குச் சந்தா கொடுப்பான், அந்த ஊர் விதானையிடம், அதாவது கிராம சேவகரிடம், பதிவான், யார் கேட்டாலும் அந்த ஊரைத்தான் சொல்வான். இது எங்களுக்கு மூச்சு விடுவது போல. அதனாலேயே அதை ஒரு விசயமாக நாங்கள் எண்ணுவதில்லை.

மருதமுனைப் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது. மனைவியும் பிள்ளைகளும் அடுத்தடுத்த வரிகளில் இருந்தார்கள். சேர் அந்தத் தாயைச் சுவரடிக்கு அனுப்பவில்லை. தானே போய்ப் பார்த்து வந்து சொன்னார்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில்தான் எனக்கு மீராலெவ்வையின் நினைவு வந்தது. ஜெர்மன் எழுதுவினைஞன் ஒருவன் அவரிடம் இடம் கேட்டிருக்கிறான். அவர் எங்கள் ஆண்கள் எல்லாரையும் போல மனைவியின் ஊரைச் சொல்லியிருக்கிறார். நாங்களும் அதே ஊரில் அவருடைய பிறப்பைத் தேடியிருக்கிறோம். என் புருசனே சம்மாந்துறையில் பிறந்து என் வீட்டுக்கு வந்தவர். பிறந்த இடம் எது என்று கேட்டால் அவரும் கல்முனை என்றுதான் எழுதுவார், நான்தான் திருத்துவேன். அப்படியிருந்தும் எனக்குத் தோன்றவில்லை.

கல்முனை அவருடைய மனைவியின் ஊராக இருந்தால், கப்பலேறும் முன்பே அவருக்கு இங்கே ஒரு மனைவி இருந்தாள். உர்சுலாவின் குடும்பத்துக்கு அது தெரியாது.

இதைச் சேரிடம் சொன்னேன். "தேட முதல் அந்த ஜெர்மன் பிள்ளையிட்டக் கேளுங்க. வேணாம் எண்டு சொல்ல அவவுக்கு உரிமை இரிக்கு" என்றார். எழுதினேன். பதில் வர மாதக்கணக்கானது. ஒரே வரி: தேடுங்கள். அதற்குள் சண்டை மறுபடியும் தொடங்கிவிட்டது. யுத்தம் முடிந்து பாதைகள் திறந்த பிறகுதான் அவளால் வர முடிந்தது. சேர் அப்போது ஓய்வுபெற்றிருந்தார்.

இந்த முறை நான் ஏட்டைத் திறக்கவில்லை. ஆண்களிடமும் போகவில்லை. கல்முனைக்குடிப் பெண்கள் கூடியிருந்த ஒரு கலியாண வீட்டில் கேட்டேன்: "யானையோட கப்பல்ல போய்த் திரும்பி வராத மாப்புள்ள எந்த வீட்டுக்கு?"

பாக்கு வெட்டிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

"வெள்ள உடுக்காதவட வீடுதானேகா? அந்த வீட்டில மிச்சம் இருக்கிற றாபியா மட்டும்தான். குடியேற்றத்தில இரிக்கா."

ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அந்த வீட்டுக்கு அதுதான் பெயராம். எனக்கு அது தெரியாமல் போனதற்குக் காரணம் நான் வேறு பகுதியைச் சேர்ந்தவள் என்பது மட்டுமே.

கடலால் வீடிழந்தவர்களுக்கு வயல் பக்கமாகக் கட்டிக்கொடுத்த குடியேற்றத்தில், ஒரே அச்சில் வார்த்த வீடுகளின் வரிசையில் றாபியா தனியே இருந்தா. அறுபது வயது இருக்கும். தாய், மகள், மகளின் இரண்டு பெண்பிள்ளைகள் எல்லாரையும் ஒரே காலையில் கடல் எடுத்தது. ஆண்மக்கள் இருவர், மனைவிமாரின் ஊர்களில்.

சேரிடம் படித்த ஒரு ஒழுங்கு உண்டு: காட்டிவிட்டுக் கேட்காதே, கேட்டபின் காட்டு. உர்சுலாவிடம் பூட்டனின் படம் ஒன்று இருந்தது. அதைக் கைப்பையிலேயே வைத்திருக்கச் சொன்னேன்.

"அவர் எப்புடிப்பட்ட ஆள் எண்டு உங்கட வீட்டில கதைச்சிருக்காங்களா?" என்று றாபியாவிடம் கேட்டேன்.

"பணிக்கர். காட்டில கயிறு போட்டு யான பிடிக்கிற ஆள். கயிறு சுத்தி வலக்கையில ரெண்டு விரல் போயிட்டாம். எங்கட மூத்தம்மா சுலைகா சொல்லுவாவாம், எட்டு விரலாலதான் அவர் என்னக் கைப்பிடிச்ச எண்டு."

உர்சுலாவுக்கு மொழிபெயர்த்தேன். அவள் படத்தை எடுத்து றாபியாவின் முன்னால் வைத்தாள். தொப்பியும் கோட்டும் போட்ட ஒரு கறுத்த மனிதர் யானையின் காதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பிடித்த கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் இல்லை.

றாபியா படத்தைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தா.

"இவரா எங்கள இப்புடிப் பாடாப் படுத்தின?" என்றா.

பிறகு கதை வந்தது. கப்பலேறும்போது சுலைகாவுக்கு ஒரு பெண் குழந்தை, கைக்குழந்தை. ஆறு மாதத்தில் வருவேன் என்று போனவர். மற்றவர்கள் வந்தார்கள், அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார், அதற்குமேல் தெரியாது என்றார்கள். வருடங்கள் போயின. மௌத்தாகியிருப்பார், இறந்த புருசனுக்காக வெள்ளை உடுத்து இத்தா இரு என்றார்கள். செய்தி வரட்டும் இருக்கிறேன் என்றாளாம். காதியாரிடம் போய் மணவிலக்கு வாங்கி வேறு கலியாணம் முடி என்றார்கள். புருசன் இருக்கையில் எப்படி முடிக்கிற என்றாளாம். கலர்ச் சேலையோடு திரிந்தாள். ஊர் சிரித்தது. பெயர் வைத்தது.

"அவக்குப் பொறகு வந்த பொம்புளையள் எல்லாருக்கும் அந்தப் பேர்தான் மிஸ். என்ர கலியாணத்திலயும் ஒருத்தி பந்தியில வெச்சுச் சொன்னா, வெள்ள உடுக்காதவட பேத்தி எண்டு. உம்மா அழுத." றாபியா உர்சுலாவின் பக்கம் திரும்பினா. "கேளுங்க இவவுட்ட. அவர் எப்ப மௌத்தான?"

உர்சுலா சொன்னாள். முதல் யுத்தம் முடிந்து மூன்றாவது குளிர்காலம்.

றாபியா கணக்குப் பார்த்தா. "என்ர உம்மம்மா அந்தச் சண்ட தொடங்கின வருசம் பொறந்தவ. சுலைகா மௌத்தாகி அடுத்த வருசம் பொறந்த புள்ள எண்டு அவட பேரையே வெச்ச." நிறுத்தினா. "அப்ப அவ மௌத்தாகக்குள்ள இவர் உசிரோட இருந்திரிக்கார்."

"ஓம்."

"அப்ப அவ சொன்னது சரி. அவ கைம்பெண் இல்ல."

அன்னாவைப் பற்றி நான் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். உர்சுலா தானே சொல்லச் சொன்னாள். றாபியா கையை விசிறினா.

"அதுக்கென்ன, ரெண்டு முடிக்கலாம்தானே. சொல்லாமப் போனதுதான் பிழ." பிறகு குரல் மாறியது. "கிப்லாவப் பார்த்தா வெச்சாங்க அவர?"

மக்கா இருக்கும் திசைதான் கிப்லா; மௌத்தானவரை வலப்பக்கமாகத் திருப்பி, அதைப் பார்க்க வைத்தே அடக்குவோம். உர்சுலாவுக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னாள். பிறகு, "ஒன்று மட்டும் என் பாட்டன் சொல்லுவார்" என்றாள். சாகும் நாளில் அவர் வலப்பக்கமாகத் தன்னைத் திருப்பிப் படுக்கவைக்கும்படி கேட்டாராம், ஜன்னலைப் பார்த்து. குளிர் அடிக்கிறது என்று அன்னா மாட்டேன் என்றிருக்கிறாள். அவர் விடவில்லை. வெளிச்சம் வேண்டும் போல என்று எண்ணித் திருப்பினார்களாம்.

"அந்த ஜன்னல் எந்தத் திசை?" என்று கேட்டேன்.

"தென்கிழக்கு. காலையில் வெயில் வரும். அந்த வீடு இன்னும் இருக்கிறது."

ஜெர்மனியிலிருந்து மக்காவும் தென்கிழக்கில்தான் என்று றாபியாவுக்கு நான் சொன்னேன். அவ சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டா. எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டு வரவேண்டும் போல எனக்கு இருந்தது. அங்கே ஜன்னல்கள் ஏற்கெனவே திறந்திருந்தன. எழுந்துபோய் ஒன்றை மூடினேன்.

பிறப்பிடம் இனிமேல்தான். அதற்கு ஒரு கேள்வி போதும்: அவர் எந்தக் குடி? குடி என்பது தாய்வழியில் வரும் வமிசம். ஒரே குடிக்குள் கலியாணம் கிடையாது. அதனால் வந்த மாப்பிள்ளையின் குடியை எந்த வீடும் மறக்காது.

"பொன்னாச்சி குடி" என்றா றாபியா. "வரிப்பத்தான்சேனையில. எங்களுக்கும் அவங்களுக்கும் பேச்சு இல்ல. அந்தக் காலத்திலயே நிண்ட. அவர்ர மௌத்த நாங்க மறைச்ச எண்டு அவங்களுக்குக் கோவம். இண்டு வரைக்கும் எங்கட பக்கம் மாப்புள்ள குடுக்கிறல்ல."

பிறகு, கேட்காமலே சொன்னா: "நானும் வாறன். மாப்புள்ள மௌத்தானா பொம்புள வீட்டு ஆள்தான் தாய் வீட்டுக்குப் போய்ச் சொல்லணும். அது எங்கட கடம. இன்னும் சொல்லப்படல்ல."

மறுநாள் வான் வண்டி ஒன்றைப் பிடித்துப் போனோம். வயல்கள் கதிர் விட்டு நின்றன. றாபியா வழி முழுவதும் உதட்டுக்குள் எதையோ ஓதிக்கொண்டே வந்தா. பள்ளிவாசலில் பொன்னாச்சி குடிக்குரிய மரைக்காரைக் கண்டோம். எங்கள் பள்ளிகளில் குடிக்கு ஒரு மரைக்கார் நிர்வாகத்தில் இருப்பார். எண்பது வயது மனிதர். உர்சுலாவை மேலும் கீழும் பார்த்தார்.

"பொன்னாச்சி குடியில பணிக்கர் வேல பார்த்த வீடு ஒண்டுதான். ஆசியா உம்மாட வீடு. மெல்லமாப் போங்க, அவட வாய் பொல்லாது" என்று சொல்லிவிட்டு, வேடிக்கை பார்க்கவோ என்னவோ, தானும் கூட வந்தார்.

ஆசியா உம்மா முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தா. யார் வந்திருக்கிறார்கள் என்று மரைக்கார் சொன்னதும், காலால் நெல்லைக் கிளறுவதை நிறுத்தாமலே கேட்டா:

"ஆ, கல்முனைக்குடியா? எங்கட புள்ளைய எங்க விட்டீங்க?"

"நாங்க விடல்ல ராத்தா. அவர்தான் எங்கள விட்ட" என்றா றாபியா.

"ரெண்டு விரல் இல்லாத மனிசன் கப்பல் ஏறுறன் எண்டா, பிடிச்சு வெச்சிருக்க ஏலாதா பொண்சாதிக்கு?"

"பத்து விரல் இருந்த காலத்தில நீங்க பிடிச்சு வெச்சிருந்திருக்கலாமே."

மரைக்கார் சிரித்துவிட்டார். ஆசியா உம்மா சிரிக்கவில்லை, ஆனால் காலை நிறுத்தினா. விரல்களைப் பற்றி நாங்கள் யாரும் அந்த ஊரில் சொல்லியிருக்கவில்லை. அதற்குப் பிறகு எனக்கு எந்த இருக்கலாமும் தேவைப்படவில்லை.

றாபியா செருப்பைக் கழற்றினா. முக்காட்டை இழுத்து விட்டா. நெல்லை மிதிக்காமல் ஓரமாகப் போய் ஆசியா உம்மாவின் முன்னால் நின்று, மௌத்துச் செய்தி சொல்லும் முறையில் சொன்னா:

"உங்கட வீட்டு மீராலெவ்வ மௌத்தாகிட்டார்."

ஆசியா உம்மா வாயைத் திறந்தா. ஏச்சுத்தான் வரப்போகிறது என்று நான் நினைத்தேன்.

"இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்" என்று, மௌத்தைக் கேட்டவர் ஓதவேண்டியதை ஓதினா. பிறகு றாபியாவின் கையைப் பிடித்தா. "வாங்க. உள்ள வாங்க."

பாய் விரித்தார்கள். உர்சுலா யார் என்று விளங்கப்படுத்தினேன். ஆசியா உம்மா விரல் மடித்து முறை பார்த்தா. "எங்கட குடி ஆம்புளைட வழி. அப்ப இவ எங்களுக்கு மச்சி முறதான். என்ன மச்சி, இவ்வளவு உயரமா வளந்திட்டீங்க? எங்கட வீட்டு நிலையில தல இடிக்குமே" என்றா. உர்சுலாவுக்கு அதை மொழிபெயர்க்கும் முன்பே அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், கண் நனைந்து. அவர் பிறந்த அறை எது என்று கேட்டாள். வீடு மூன்று முறை இடித்துக் கட்டப்பட்டது. ஆனால் வீடு நிற்கும் வளவு அதே வளவு, தாயிடமிருந்து மகளுக்கு என்று வந்தது. ஆசியா உம்மா அவளைக் கையில் பிடித்து வளவின் தென்பக்கம் கூட்டிப்போனா. பழைய வீட்டின் அத்திவாரக் கற்கள் அங்கே இன்னும் தெரிந்தன. உர்சுலா ஒரு கல்லின் மேல் உள்ளங்கையை வைத்துக் குந்தியிருந்தாள். நாங்கள் அவளைத் தனியே விட்டுவிட்டோம்.

"பள்ளியில அறிவிக்கணும்" என்றா ஆசியா உம்மா.

எனக்குத் தயக்கமாக இருந்தது. "இவ்வளவு காலத்துக்குப் பிறகா?" என்று மரைக்காரிடம் கேட்டேன்.

"மௌத்து மௌத்துதான் மிஸ். பிந்திச் சொன்னாப் போல மௌத்து இல்லாமப் போகுமா? நீங்க எழுதித் தாங்க. உங்கட வேலதானே அது."

அவருடைய தாளில், அவருடைய பேனையால் எழுதினேன். ஆயிரக்கணக்கான பதிவுகள் எழுதிய கைதான். அன்று ஒரு வரிக்கு இரண்டு முறை நிறுத்தவேண்டியிருந்தது. எழுதியதை உர்சுலாவுக்கு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். கல்லறைக் கல்லுக்கென்று முதல் வசனத்தைத் தமிழிலேயே தனித் தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்ததும் ஒலிபெருக்கி இரண்டு முறை கரகரத்தது.

"வரிப்பத்தான்சேனையைப் பிறப்பிடமாகவும் கல்முனைக்குடியை வதிவிடமாகவும் கொண்ட மீராலெவ்வை அவர்கள் ஜெர்மனி நாட்டில் காலமானார்கள். அன்னார், மர்ஹூமா சுலைகா உம்மா, அன்னா அம்மையார் ஆகியோரின் அன்புக் கணவரும்..."

"கணவர் எண்டான்" என்றா றாபியா. என் கையை இறுக்கிப் பிடித்திருந்தா. "கேட்டீங்களா மிஸ்? ஊரெல்லாம் கேக்க."

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பெண்கள் உள்ளே வந்து றாபியாவைக் கட்டிக்கொண்டார்கள், ஏன் என்று கேட்காமல். வயலில் நின்ற ஒருவர் சேறு காயாத காலோடு வேலிக்கு வெளியே வந்து நின்று, உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

"ஆசியா ராத்தா, ஆரு மௌத்து? ஜனாஸா எப்ப எடுக்கிற?"

"எடுத்தாச்சு" என்றா ஆசியா உம்மா. "காலக் கழுவிட்டு வா. வந்து ஓதிட்டுப் போ."